ஜேசிபி வெட்டினாலும் நெட் போகாது! ஃபைபர் பிளானிங் இன்ஜினியர் என்ன செய்கிறார்?

சுங்குவார்சத்திரத்தில் சாலையோரம் தோண்டும் ஜேசிபி ஒரு ஃபைபர் கேபிளை அறுத்தால், பக்கத்துத் தொழிற்சாலையின் நெட் கட் ஆகலாம். அறுந்தாலும் வேலை நிற்காதபடி பாதை போடுபவர்தான் ஃபைபர் நெட்வொர்க் பிளானிங் இன்ஜினியர்.

இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினால் போதுமா? போதாது. இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் கிடந்தால், ஒரே வெட்டில் இரண்டும் காலி.

அதனால்தான் 'ரிங்'. உதாரணமாக, ஒரு பாதை பெங்களூரு நெடுஞ்சாலையில் நேராக ஸ்ரீபெரும்புதூருக்கு; இன்னொன்று வாலாஜாபாத், ஒரகடம் சுற்றி அதே ஊருக்கு. ஒரு பக்கம் அறுந்தால் டேட்டா மறுபக்கம் திரும்பும்.

சுற்றினால் தூரம் கூடும். 1550 நானோமீட்டர் ஒளி, கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல் இழக்கும்; ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் இன்னும் கொஞ்சம். இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

தோண்டுவதற்கு முன் தகவல் சொல்ல, 2023 மார்ச்சில் மத்திய அரசின் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி வந்தது. ஆனாலும் மேப் மட்டும் போதாது. இரண்டு கேபிளும் எங்காவது ஒரே பாலத்தில் சேர்கிறதா என்பது நேரில் நடந்து பார்த்தால்தான் தெரியும்.