ஒரு சொடுக்கின் விலை என்ன?

வியாபாரம் செய்யும் எவருக்கும் விளம்பரம் தேவை. வானொலி, பத்திரிகை, சுவரொட்டி, துண்டுப்பிரசுரம் எனக் காலத்துக்குக் காலம் அதன் வடிவம் மாறி வந்திருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. விளம்பரத்தை எத்தனை பேர் பார்ப்பார்கள், அவர்களுள் எத்தனை பேருக்கு அந்தப் பொருள் தேவை என்பது தெரியாமலே பணத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும். இணையத் தேடலோடு வந்த ‘சொடுக்குக் கட்டண விளம்பரம்’ இந்த வழக்கத்தை மாற்றியது. சிறு வியாபாரம் ஒன்றின் இணையத்தளத்துக்கு இது எப்படி உதவுகிறது, எங்கே கையைக் கடிக்கிறது என்பதை நான் விளங்கிக்கொண்டவாறு இங்கே எழுதுகிறேன்.

கூகுள் போன்ற தேடற்பொறியில் நாம் ஏதாவது தேடும்போது, விடைகளோடு சேர்ந்து விளம்பரம் என்பதைக் காட்டும் சிறு அடையாளத்துடன் சில வரிகள் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். அந்த வரிகளை ஆயிரம் பேர் வெறுமனே பார்த்தாலும் விளம்பரதாரர் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. ஒருவர் அதன்மீது அழுத்தி, அந்தத் தளத்துக்குள் நுழையும்போதுதான் கட்டணம் அறவிடப்படுகிறது. அந்த ஓர் அழுத்தத்தையே சொடுக்கு, அதாவது ‘கிளிக்’ என்கிறோம்.

1998 இல் அமெரிக்காவில் பில் குரோஸ் என்பவர் அறிமுகப்படுத்திய ‘கோ டூ’ என்ற தேடற்பொறி இம்முறைக்கு வழி திறந்தது. ஒரு சொல்லுக்கு யார் கூடிய விலை கேட்கிறாரோ அவருடைய விளம்பரம் அங்கே மேலே வந்தது. கூகுள் நிறுவனம் 2000 ஒக்டோபரில் ‘அட்வேர்ட்ஸ்’ சேவையைத் தொடங்கி, 2002 இல் சொடுக்குக் கட்டண ஏல முறையைக் கொண்டுவந்தது. 2018 இல் அச்சேவை ‘கூகுள் அட்ஸ்’ எனப் பெயர் மாறியது. தமிழில் விளம்பரம் செய்யும் வசதியும் அதே ஆண்டில் கிடைத்தது.

ஏலம் என்றவுடன், பணக்காரக் கம்பனிகளோடு நாம் எப்படிப் போட்டியிடுவது என்ற கேள்வி எழும். இங்கேதான் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கூகுள் கேட்கப்பட்ட விலையை மட்டும் பார்ப்பதில்லை. தேடியவரின் தேவைக்கு விளம்பரம் எவ்வளவு பொருந்துகிறது, அது இட்டுச் செல்லும் பக்கம் பயனுள்ளதா என்பவற்றையும் பார்க்கிறது. இதை எளிமையான ஒரு கணக்காகச் சொல்கிறேன். பெரிய கடை ஒன்று ஒரு சொடுக்குக்கு 100 ரூபா கேட்கிறது. அதன் தரப்புள்ளி 4. பெருக்கினால் 400. சிறிய கடை 60 ரூபா கேட்கிறது. அதன் தரப்புள்ளி 8. பெருக்கினால் 480. சிறிய கடையே மேலே வரும். அது 60 ரூபாவையும் முழுதாகக் கொடுக்க வேண்டியதில்லை. கீழே உள்ளவரை முந்துவதற்கு எவ்வளவு போதுமோ, அதாவது 400 ஐ 8 ஆல் வகுத்து வரும் 50 ரூபாவுக்குச் சற்று மேலே கொடுத்தால் போதும். உண்மையான கணிப்பில் இன்னும் பல காரணிகள் சேரும். ஆயினும் அடிப்படை இதுதான்.

என் சாச்சி மருதமுனைக் கைத்தறிச் சாரங்களையும் சாரிகளையும் வாங்கி, சிறியதோர் இணையத்தளத்தின் மூலம் விற்கிறார். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு அந்த வருமானமே அவருக்குத் துணை. அவருக்காக ஒருவர் விளம்பரம் போட்டுக் கொடுத்தார். ‘சாரம்’, ‘கைத்தறி’ என்ற இரண்டே சொற்கள். முதல் வாரத்தில் தளத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். ஓர் ஓடர்கூட வரவில்லை. பணம் மட்டும் கரைந்தது. என்ன நடந்தது என்று பார்க்க நானும் அவரோடு உட்கார்ந்தேன். எந்தச் சொற்களைத் தேடியவர்கள் வந்தார்கள் என்ற பட்டியலை விளம்பரக் கணக்கிலேயே பார்க்கலாம். அதைத் திறந்தபோது காரணம் விளங்கியது. ‘கதைச் சாரம்’ தேடிய மாணவர்கள், கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது பற்றித் தேடியவர்கள், ‘கைத்தறிக் கைத்தொழில் ஒப்படை’ தேடிய நம்மைப் போன்றவர்கள்! அவர்களில் எவருக்கும் உடுக்கும் சாரம் தேவைப்படவில்லை. சாச்சியோ ஒவ்வொருவருக்கும் பணம் கட்டிக்கொண்டிருந்தார்.

இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. ஒன்று, சொல்லை ஒடுக்கமாகத் தெரிவு செய்வது. ‘சாரம்’ என்பதற்குப் பதிலாக ‘மருதமுனைக் கைத்தறிச் சாரம் விலை’ என்று வைத்தால் தேடுபவர் குறைவு. ஆனால் வருபவர் வாங்கும் எண்ணத்தோடு வருவார். மற்றையது, விலக்குச் சொற்களைக் கொடுப்பது. ‘கதை’, ‘ஒப்படை’, ‘கட்டடம்’ போன்ற சொற்கள் தேடலில் இருந்தால் எனது விளம்பரத்தைக் காட்டாதே என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அத்துடன் விளம்பர வரியிலேயே தொடக்க விலையையும் எழுதினோம். விலை கட்டுப்படியாகாதவர் அழுத்தாமலே போய்விடுவார்; அவருக்காக நாம் பணம் கட்டத் தேவையில்லை. சுவரொட்டி எல்லோரையும் அழைக்கலாம். சொடுக்குக் கட்டண விளம்பரமோ, தேவையற்றவரை வாசலிலேயே மரியாதையாகத் திருப்பி அனுப்பத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. ஒரு சாரத்தில் செலவெல்லாம் போக 600 ரூபா இலாபம் என வைத்துக்கொள்வோம். தளத்துக்கு வரும் 30 பேரில் ஒருவர் வாங்குகிறார். அப்படியானால் ஒரு சொடுக்குக்கு நாம் கொடுக்கக்கூடிய உச்ச விலை 20 ரூபா. சொடுக்கு 25 ரூபாவானால், ஒரு சாரம் விற்பதற்கு 750 ரூபா செலவாகும். விற்பனை நடந்துகொண்டே இருக்கும், நட்டமும் கூடவே வளரும்! அதே சொடுக்கு 12 ரூபாவுக்குக் கிடைத்தால் செலவு 360 ரூபா; கையில் 240 ரூபா மிஞ்சும். வணிகக் கல்விப் பாடத்தில் நாம் படிக்கும் செலவும் இலாபமும்தான் இங்கேயும் வேலை செய்கின்றன. இந்தக் கணக்கைப் போடாமல் விளம்பரம் தொடங்குவது, விலை கேளாமல் சாமான் வாங்குவது போன்றது.

வந்தவரை வரவேற்கும் பக்கமும் முக்கியம். சாரம் தேடி வந்தவரை முகப்புப் பக்கத்தில் விட்டால் அவர் தேடி அலுத்துத் திரும்பிவிடுவார். சாரங்கள் உள்ள பக்கத்துக்கே நேராகக் கொண்டுசெல்ல வேண்டும். தெளிவான படம், விலை, தபாற் செலவு, தொலைபேசி இலக்கம் ஆகிய நான்கும் அங்கே இருக்க வேண்டும். கையடக்கத் தொலைபேசியில் பக்கம் விரைவாகத் திறக்கவும் வேண்டும். இந்த மாற்றங்களைச் செய்த பின்னர் சாச்சியின் தளத்துக்கு வருவோர் தொகை குறைந்தது. ஓடர்கள் வரத் தொடங்கின. நாளொன்றுக்கு ஓரிருவர் என்றாலும், கொப்பியில் வரவுப் பக்கம் செலவுப் பக்கத்தை முந்தியது.

பெற்றோர்களுக்கும் சில வார்த்தைகள். விளம்பரக் கணக்குத் திறப்பவர் 18 வயதைப் பூர்த்தி செய்திருக்க வேண்டும். ஆகவே பிள்ளை உதவி செய்யலாம். கணக்கும் வங்கி அட்டையும் பெரியவரின் பொறுப்பிலேயே இருக்கட்டும். நாளாந்தச் செலவுக்கு ஒரு தொகையை நாமே குறிக்கலாம். சில நாட்களில் அதன் இரு மடங்குவரை செலவாகக்கூடும் என்பதையும் அறிந்திருங்கள். மாதம் முழுவதற்கும் அது நாளாந்தத் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது. விளம்பரத்தை எந்த நேரத்திலும் நிறுத்தலாம். வேறொருவரிடம் வேலையை ஒப்படைத்தாலும், கணக்கைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

தோழியரே, தேடும் பக்கத்தில் நாம் விளையாட்டாக அழுத்தும் விளம்பரத்துக்கு எங்கோ ஒருவர் பணம் கட்டுகிறார். அவர் பெரிய கம்பனிக்காரராகவும் இருக்கலாம். இரவில் தைத்து, பகலில் பொதி செய்யும் ஒரு தாயாகவும் இருக்கலாம். போட்டியாளரின் பணத்தைக் கரைப்பதற்கென்றே அவரது விளம்பரத்தை அழுத்துவோரும் உலகில் உண்டு. அது மோசடி. தேவை இருந்தால் அழுத்துவோம், இல்லையேல் கடந்து செல்வோம்.

நாளை நம்மில் பலர் வீட்டிலிருந்தே தொழில் செய்யக்கூடும். அன்று விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குமுன் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். என் பொருளை வாங்குபவர் எந்தச் சொல்லைத் தேடுவார்? ஒரு விற்பனையில் எனக்கு மிஞ்சுவது எவ்வளவு? எத்தனை பேர் வந்தால் ஒருவர் வாங்குவார்? இவற்றுக்கு விடை தெரிந்தவருக்குச் சிறு தொகையும் போதும். தெரியாதவருக்கு எவ்வளவு பணமும் போதாது.