அழியுமுன் பெயர்த்தெழுதுக: கணினி நூற்குறிகளைக் காக்கும் முறை

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவழியில், ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் தூரத்தில் அலுவிகாரை என்னும் குகை விகாரை உள்ளது. நம் கல்லூரியிற் பயின்றோருள் அதனைக் காணாதார் மிகச் சிலரே. அதுவரை பிக்குமார் நாவினாலும் நினைவினாலும் காத்து வந்த பாளி திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் காலத்தில், ஓலையில் எழுதப்பெற்றது என்பர். எழுதப்பெற்ற இடம் அலுவிகாரையே என்பது மரபு. பஞ்சமும் போரும் நாட்டை வருத்திய காலம் அது. ஓதுவார் மாண்டால் ஓதப்பட்டதும் உடன் மாளும் என்ற அச்சமே அவரை எழுத்தாணி எடுக்கச் செய்தது. அழிவு வந்தபின் எழுதுதல் இயலாது. வருமுன் எழுதுதல் வேண்டும். இவ்வுண்மையை நம் அன்றாடக் கணினி வாழ்வில் ஒரு சிறு பொருளுக்கு ஏற்றிக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சிறு பொருள் நூற்குறி. புக்மார்க் என்றே பலரும் வழங்குவர். இணைய மேலோடியிற் கண்ட ஒரு பக்கத்தை மீண்டும் காணும்பொருட்டு அதன் முகவரியைக் குறித்து வைப்பதே அது. ஒவ்வொன்றும் ஒரு வரியளவினதே. ஆயினும் ஆசிரியர் ஒருவர் பல ஆண்டு தேடித் தொகுத்த பாடக் குறிப்புகளும், மாணவர் ஒருவர் உயர்தரப் பரீட்சைக்கெனத் திரட்டிய கடந்தகால வினாத்தாள்களும் அவ்வரிகளின் வழியாகவே கைக்கு எட்டுகின்றன.

இதனை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொப்ற் நிறுவனம் வழங்கிவந்த பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்றது. அதனால் வீடுகளிலும் பாடசாலைகளிலும் உள்ள பழைய கணினிகள் பல துடைக்கப்பட்டுப் புதிய முறைமை நிறுவப்பெறுகின்றன. அவ்வேளையில் எல்லாரும் புகைப்படங்களை நினைப்பர், கடிதங்களை நினைப்பர், நூற்குறிகளை நினைப்பார் அரியர்.

நாமும் நினைத்திலேம். சில ஆண்டுகளுக்கு முன் நம் கணினி பழுதுற, அதனைத் திருத்துமிடம் ஒன்றிற் கொடுத்தோம். “ஐயா, ஏதேனும் எடுத்து வைக்க வேண்டுமா?” என்று அங்கிருந்த தம்பி முறையாகவே வினவினார். “ஆவணங்களும் படங்களும் போதும்” என்று விடை பகர்ந்தோம். அவர் சொன்னவண்ணமே செய்தார்; பிழை நம்முடையதே. வீடு வந்து மேலோடியைத் திறந்தபோது குறிகள் அனைத்தும் மறைந்திருந்தன. அவற்றுள் ஒன்று, வெளிநாட்டில் வாழ்ந்த பழைய மாணவர் ஒருவர் தம் தனிப்பக்கத்தில் இட்டிருந்த வகுப்புப் படத்தின் முகவரி. அந்த அன்பர் அதற்குள் காலமாகியிருந்தார். முகவரியை நாம் மனத்திற் கொண்டதில்லை. எத்துணை தேடியும் அப்படம் இன்றுவரை கிடைக்கவில்லை. இம்மலருக்கு அது அணியாக அமைந்திருக்கும்.

குறிகள் மறைந்தது எவ்வாறு? நூற்குறிகள் நாம் அறிந்த ஆவணக் கோப்புறையில் இருப்பனவல்ல. கூகிள் குரோம் மேலோடியில் அவை பயனர் கணக்கின் உள்ளே ஆழ்ந்து கிடக்கும் ஒரு கோப்பில் உறைகின்றன. பயர்பொக்ஸில் ஒரு தரவுத்தளத்தில் உறைகின்றன. இவ்விரண்டும் பெரும்பாலும் முறைமை நிறுவப்பட்ட ‘சி’ பிரிவிலேயே உள்ளன. அப்பிரிவைத் துடைத்தால் இவையும் துடைக்கப்படும். கோப்புகளை வைத்துக்கொண்டு மீட்டமைக்கும் தெரிவு விண்டோஸில் உண்டெனினும், அது செயலிகளையும் அவற்றின் அமைப்புகளையும் நீக்கிவிடும். ஆதலின் அதனை நம்பியிருத்தல் தகாது.

காக்கும் வழி மிக எளிது. குரோமிலும் எட்ஜிலும் பயர்பொக்ஸிலும் கன்ட்ரோல், ஷிப்ட் ஆகிய விசைகளோடு ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் குறிகளின் பட்டியல் தோன்றும். முதலிரண்டிலும் அப்பட்டியலின் மேலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி ‘எக்ஸ்போர்ட்’ என்பதைத் தெரிக. பயர்பொக்ஸில் ‘இம்போர்ட் அன்ட் பக்கப்’ என்பதன் கீழ் எச்.ரி.எம்.எல். கோப்பாக ஏற்றுமதி செய்யும் தெரிவு உண்டு. சில நொடியில் ஒரு சிறு கோப்பு உண்டாகும். அதுவே காப்புப்பிரதி. எம்மேலோடியிற் பிறந்த கோப்பையும் வேறெம்மேலோடியும் படிக்கவல்லது. அதன் முதல் வரியில் ‘நெட்ஸ்கேப்’ என்னும் பெயர் இன்றும் இருத்தலைக் காணலாம். 1994 இல் வெளிவந்த அம்மேலோடி 2008 இல் ஆதரவிழந்து மறைந்தது. அது வகுத்த எழுத்துமுறை நிலைத்தது. பொது முறையில் எழுதப்பட்டது தன்னை ஆக்கியவரினும் நெடிது வாழும் என்பதற்கு இது சான்று. கடவுச்சொற்கள் இக்கோப்பில் அடங்கா என்பதை மட்டும் மறவற்க; அவற்றை வேறாகவே காத்தல் வேண்டும்.

இனி, கோப்பை எங்கே வைப்பது? பலர் அதனை முகப்புத்திரையிலோ பதிவிறக்கக் கோப்புறையிலோ விட்டுவிடுவர். அவையும் ‘சி’ பிரிவைச் சேர்ந்தனவே. எரியும் வீட்டின் பொருளை அவ்வீட்டின் மற்றோர் அறையில் வைத்தல் போலாம். ‘டி’ பிரிவும் முற்றாக நம்பத்தக்கதன்று. நிறுவுவோர் தவறிப் பிரிவுகள் யாவற்றையும் நீக்கிவிடுதல் உண்டு. ஆகவே ஒரு பிரதியைப் பென் டிரைவில் இட்டுக் கணினியினின்று கழற்றி வைக்க. மற்றொன்றைத் தமக்கே மின்னஞ்சலில் அனுப்புக.

கணக்கொன்றில் உட்புகுந்து குறிகளை ஒத்திசைத்து வைத்தால் போதாதோ என்று வினவுவார் உளர். அது நல்ல துணையே, ஆனால் காப்புப்பிரதியன்று. ஒரு கருவியில் தவறுதலாக அழித்தது ஏனைக் கருவிகளிலும் அழியும். ஏட்டின் பிழை அதனைப் பார்த்து எழுதிய ஏடுதோறும் தொடர்வது போன்றது அது.

மூன்றாவது கடமை ஒன்று உண்டு. எடுத்த கோப்பைக் கணினி துடைக்கப்படுமுன் திறந்து பார்த்தல் வேண்டும். ஏடு பெயர்த்தெழுதிய நம் முன்னோர், ஒருவர் படிக்க மற்றவர் ஒப்புநோக்கிய பின்னரே பழைய ஏட்டைக் கைவிட்டனர். அவ்வாறே பென் டிரைவை வேறொரு கணினியிற் செருகிக் கோப்பைத் திறந்து, இரண்டொரு குறிகளைச் சொடுக்கிப் பார்த்தபின் துடைக்கச் சொல்லுக. புதிய முறைமை அமைந்ததும் ‘இம்போர்ட்’ வழியாகக் கோப்பை உட்கொணர்ந்தால் பழைய கோப்புறைகள் பழைய ஒழுங்கிலேயே வந்து நிற்கும்.

இன்னுமொன்று. குறி என்பது முகவரி மட்டுமே, வீடன்று. வீட்டுக்காரர் பெயர்ந்துவிட்டால் முகவரி வெறுங்கையோடு நம்மைத் திருப்பியனுப்பும். ஆதலின் ஈடற்ற பக்கங்களைக் குறிப்பதோடு அமையாது, பக்கத்தையே சேமித்து வைத்தல் அறிவுடைமை. நாம் இழந்த வகுப்புப் படத்தை அன்றே சேமித்திருப்பின் இன்று முகவரியைத் தேடி வருந்த வேண்டியதில்லை.

மீண்டும் அலுவிகாரைக்கு வருவோம். 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயப் படையினரால் அவ்விகாரை சிதைவுற்றது. அங்கிருந்த ஏடுகளும் அழிந்தன. எனினும் திரிபிடகம் அழியவில்லை. இலங்கையின் பிற விகாரைகளிலும், பர்மா, சீயம் ஆகிய நாடுகளிலும் அதன் பிரதிகள் இருந்தன. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் அச்சுநூல்கள் பல பிறவிடங்களிலிருந்து மீண்டும் பெறப்பட்டன. வேறு பிரதியில்லாத ஏடுகளும் கையெழுத்துச் சுவடிகளும் மீளவேயில்லை. மீண்டதற்கும் மீளாததற்கும் இடையே நின்ற வேறுபாடு, வேறோரிடத்தில் இருந்த ஒரு பிரதியே.

நூற்குறி சிறிது, அதைக் காக்கும் பழக்கம் சிறிதன்று. முன்னே எடுத்தல், வேறிடத்தில் வைத்தல், திறந்து பார்த்தல் என்னும் மூன்றையும் மாணவர்கள் இச்சிறு பொருளிற் பயில்வாராக. கல்லூரியின் பதிவேடுகளும் படங்களும் அவர் கைக்கு வரும் நாளில் அப்பழக்கம் பயன்படும். பழைய மாணவ அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நம் கல்லூரியின் பழைய படங்கள் தங்கள் கணினியிலோ இணையப் பக்கத்திலோ இருப்பின், இன்றே அவற்றுக்கு ஒரு பிரதி எடுத்துக் கல்லூரிக்கும் அனுப்பி உதவுக.