காவலுக்குக் கடுவனா, பெட்டையா?

ஆட்டுப்பட்டிக்கோ தோட்டத்து வீட்டுக்கோ காவலுக்கு நாய்க்குட்டி எடுக்கப் போகிறவர்கள் முதலில் குட்டியைத் தூக்கி அடிவயிற்றைத்தான் பார்க்கிறார்கள். கடுவன் என்றால் மடியில் கட்டிக்கொள்கிறார்கள். பெட்டை என்றால் கீழே விட்டுவிடுகிறார்கள். இப்படிக் கேட்பாரற்று மிஞ்சும் பெட்டைக் குட்டிகள் சாக்கில் போட்டு ஊருக்கு வெளியே பாலத்தடியில் விடப்படுகின்றன. கடுவன்தான் காவலுக்கு ஏற்றது என்ற எண்ணமே இதற்குக் காரணம். இது எவ்வளவு தூரம் சரி?

கடுவன் உருவில் பெரியது என்பது உண்மை. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை போன்ற நம் இனங்களிலும் பெட்டையைவிடக் கடுவன் உயரமாகவும் எடை கூடுதலாகவும் இருக்கும். பார்த்த மாத்திரத்தில் அயலார் தயங்குவார்கள். ஆனால் இரவில் அரவம் கேட்டுக் குரைப்பதிலும், தெரியாத ஆளை வழிமறிப்பதிலும் பெட்டை எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

கடுவனின் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் அது பருவமடைகிறது. அதன்பின் வேலிக்கால், வண்டிச் சக்கரம், தீவனத் தொட்டி என்று பார்க்குமிடமெல்லாம் காலைத் தூக்கும். இது என் எல்லை என்று மற்ற நாய்களுக்கு அறிவிக்கும் முறை இது. அக்கம்பக்கத்தில் ஒரு பெட்டை பருவத்துக்கு வந்து அதன் வாடை காற்றில் எட்டிவிட்டால் போதும், காவல் மறந்து போகும். புரட்டாசி, ஐப்பசியில் நாய்கள் கூட்டமாகத் திரிவதை நாம் பார்க்காததல்ல. கட்டிப்போட்டால் ஊளையிடும், சோறு தின்னாது. அவிழ்த்துக்கொண்டு ஓடினால் இரண்டு மூன்று நாள் கழித்துக் காது கிழிந்து திரும்பும். அந்த இரவுகளில் பட்டிக்குக் காவல் கிடையாது. சாலையில் அடிபடுவதற்கும், வெறிநாயிடம் கடி வாங்குவதற்கும் இந்த அலைச்சலே வழி செய்கிறது.

பெட்டை இவ்வாறு அலைவது குறைவு. பொதுவாக வீட்டைச் சுற்றியே கிடக்கும். ஆனால் சுமார் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். மூன்று வார காலம் அது நீடிக்கும். முதல் வாரத்தில் இரத்தக் கசிவு இருக்கும். கடுவனை அண்ட விடாது. அதற்கடுத்த நாட்களில்தான் இணையும். 'கசிவு குறைந்துவிட்டது, இனி பயமில்லை' என்று அவிழ்த்துவிடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். சினைக்காலம் சுமார் 63 நாட்கள். ஈன்றபின் வீட்டுப் பிள்ளைகளைக்கூடக் கிட்டே வர விடாமல் உறுமும். இது குணக்கேடு அல்ல. குட்டிகள் சற்று வளர்ந்ததும் தணிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடுவனோடு சேராத பெட்டையும் பருவம் முடிந்து சுமார் இரண்டு மாதத்தில் மடி கட்டி, மண்ணைப் பறித்து, பழந்துணியைக் குட்டிபோல் அணைத்துக்கொண்டு சீறுவதுண்டு. இது பொய்ச்சினை. நாய்க்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அடிக்கக் கூடாது. பாலைப் பீய்ச்சவும் கூடாது. பீய்ச்சினால் மேலும் சுரக்கும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

இரு பாலுக்கும் உள்ள தொல்லைகளில் பெரும்பகுதி கருத்தடை அறுவையால் தீரும். 'வீரியம் போய்விடும், குரைக்காது' என்று அஞ்சுகிறார்கள். ஊர் சுற்றுவதும், காலைத் தூக்குவதும், கடுவனோடு கடுவன் மோதுவதும் ஆண் சுரப்பு நீரின் தூண்டுதலால் பெரிதும் நடப்பவை, அவை குறையும். அயலாரைக் கண்டு குரைப்பது அதைச் சார்ந்ததன்று. உடல் பெருக்காமல் தீனியைச் சற்றுக் குறைத்தால் போதும். பெட்டைக்குப் பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வது நல்லது. காளைக்குச் செய்வதுபோல் ஊரில் யாரையாவது வைத்துக் கடுவனை நசுக்கிவிடக் கூடாது. மயக்க மருந்து கொடுத்துக் கால்நடை மருத்துவர் செய்ய வேண்டிய வேலை இது.

இரண்டு நாய் வளர்ப்பவர்கள் கடுவன் ஒன்று, பெட்டை ஒன்று என்று வைத்துக்கொள்வது உத்தமம். இரண்டு கடுவன்கள் அடித்துக்கொள்ளும் என்பது தெரிந்ததே. இரண்டு பெட்டைகளும் பகை கொண்டால் இலேசில் தீராது.

குட்டியின் குணத்தைப் பாலைவிடத் தாயும் வளர்ப்புமே அதிகம் தீர்மானிக்கின்றன. எனவே தாயைப் பாருங்கள். எஜமானரைக் கண்டே பதுங்கும் தாயின் குட்டி வேண்டாம். எட்டு வாரத்துக்கு முன் பிரிக்காதீர்கள். கொண்டுவந்ததும் ஆடு, மாடு, கோழி, குழந்தைகள் எல்லாவற்றுடனும் பழக விடுங்கள். மூன்று முதல் பன்னிரண்டு வாரம் வரை பழகியதே மனதில் ஊன்றும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், பிறகு மருத்துவர் சொல்லும் தவணைகளில் மறு ஊசியும் அவசியம். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடுவன் குட்டிக்கு விலை சொல்கிறவர்கள் பெட்டையைப் பல இடங்களில் சும்மாவே கொடுத்துவிடுகிறார்கள். மிச்சமாகும் பணம் அறுவைச் செலவுக்கும் ஊசிக்கும் ஆகும்.