விருப்ப ஓய்வில் பறிபோகும் ஒன்பது மாதச் சம்பளம்

படப்பையைத் தாண்டினால் ஒரகடம். அங்குள்ள கம்பெனிகளில் ஆள் குறைக்கும் பேச்சு வந்தால் எல்லோரும் கேட்பது, "செட்டில்மென்ட் எவ்வளவு?" அந்தப் பணம் எந்த வகையில் வருகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். ஈ.எஸ்.ஐ.யின் வேலையின்மை உதவித்தொகை அதைப் பொறுத்தது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கான காப்பீடு இது. 2005-ல் வந்த ராஜீவ் காந்தி திட்டத்தில், ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலையிழந்த தகுதியுள்ளவருக்கு முதல் ஆண்டு பாதிச் சம்பளம், அடுத்த ஆண்டு கால் பங்கு. கூட்டினால் ஒன்பது மாதச் சம்பளம். 2018-ல் வந்த அடல் திட்டம் 90 நாள் வரை தருகிறது. 2020-ல் அது பாதிச் சம்பளமாக உயர்ந்தது. விருப்ப ஓய்வு (வி.ஆர்.எஸ்.) எழுதிக் கொடுத்தவருக்கு இரண்டும் கிடையாது.

கை நிறையப் பணம் வாங்கியவருக்கு உதவித்தொகை எதற்கு என்று கேட்கலாம். நியூயார்க் மாநிலத்தில், வேலை போன 30 நாளுக்குள் கணிசமான இழப்பீடு வந்தால் உதவித்தொகை நிற்கிறது. நம் விதி தொகையைப் பார்ப்பதே இல்லை. சட்டப்படியான ஆட்குறைப்பு இழப்பீடு ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம். அதைவிடப் பல மடங்கு வாங்கினாலும் ஆட்குறைப்புக்கு ஆளானவரின் உரிமை போகாது. ஆகவே வி.ஆர்.எஸ். தொகை பெரியது என்பது காரணமாகாது. இழப்பீடு உழைத்த ஆண்டுகளுக்கானது. உதவித்தொகையோ, சம்பளத்தில் தொழிலாளி 0.75 சதவீதமும் நிர்வாகம் 3.25 சதவீதமும் கட்டும் காப்பீட்டிலிருந்து வருவது.

தானாகப் போகிறவருக்குத் தரவேண்டாம் என்ற வாதம் நியாயமானது. ஆனால் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவை நினைத்துப் பாருங்கள். 2014-ல் வரி வழக்கால் அந்த ஆலை மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறவில்லை, ஆயிரக்கணக்கானோர் வி.ஆர்.எஸ். வாங்கினார்கள், அதே ஆண்டு நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. மூடப்போகும் ஆலையில் போடும் கையெழுத்தை விருப்பம் என்று எப்படிக் கொள்வது? வி.ஆர்.எஸ். கொடுத்த ஓராண்டுக்குள் ஆலை மூடினால் அதையும் ஆட்குறைப்பாகவே ஈ.எஸ்.ஐ. கழகம் கணக்கிட வேண்டும். பொய்யாக யாரும் புகுந்துவிட முடியாது, ஆலை மூடுவது ஊரறிந்த விஷயம். விதி மாறும்வரை, பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கங்கள் அந்த ஒன்பது மாதச் சம்பளத்தையும் சேர்த்தே வி.ஆர்.எஸ். தொகையைக் கேட்க வேண்டும்.