தொடக்கத்தைக் கண்ட குருவானவர்

கல்லூரியில் பௌதிகம் பயிலும் மகன் விடுமுறைக்கு வீடு வருகிறான். பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டென்று விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது, இனிக் கடவுளை மறுப்பார் யார் என்று தாயிடம் பெருமையோடு கூறுகிறான். தாய் மகிழ்கிறாள். நாமும் மகிழவே விரும்புகிறோம். ஆயினும், அத்தொடக்கத்தை முதன்முதல் எடுத்துரைத்தவர் இப்பேச்சைக் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார்.

அவர் ஒரு கத்தோலிக்க குரு. பெல்ஜியம் நாட்டில் 1894-இல் பிறந்த ஜார்ஜ் லெமேத்ர், முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றித் திரும்பி, 1923-இல் குருப்பட்டம் பெற்றார். பிரபஞ்சம் விரிந்துகொண்டே செல்கிறது என்று 1927-இல் எழுதினார். கணக்கு சரி, பௌதிகந்தான் சகிக்கவில்லை என்று ஐன்ஸ்டீன் அவரிடமே சொன்னாராம்! 1931-இல் லெமேத்ர் இன்னும் ஒரு படி சென்றார்: விரிவதைப் பின்னோக்கிக் கணித்தால், அனைத்தும் ஒரே ஆதி அணுவில் அடங்கியிருந்திருக்க வேண்டும். பெருவெடிப்புக் கொள்கையின் வித்து இதுவே.

1951 நவம்பர் 22 அன்று பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர், பாப்பிறை விஞ்ஞானக் கழகத்தாரிடம் உரையாற்றினார். ஆதியில் ஒளி உண்டாகக் கட்டளையிட்ட இறைவார்த்தைக்கு இன்றைய விஞ்ஞானம் சாட்சியாக நிற்பதுபோல் தோன்றுகிறது என்னும் பொருள்பட அவர் பேசினார். இது அறுதியான நிரூபணம் அன்று என்று அவரே குறிப்பிட்டதையும் நாம் மறைக்கலாகாது.

அக்கழகத்தின் உறுப்பினரான லெமேத்ர் கலங்கினார். அவரது கொள்கை அன்று கருதுகோளாகவே இருந்தது. பிரபஞ்சம் என்றும் மாறா நிலையினது என்று ஹாய்ல் முதலியோர் வாதித்துவந்தனர். தென்னாப்பிரிக்கா செல்லும் வழியில் உரோமையில் தங்கி, வத்திக்கான் வானாய்வுக்கூடத் தலைவராயிருந்த ஓ'கானல் அடிகளாரிடம் தம் கவலையை அவர் கூறினார். 1952 செப்டம்பரில் உலக வானியலார் உரோமையில் கூடியபோது, பாப்பரசர் அவ்வாதத்தை மீண்டும் எடுக்கவில்லை.

அதே மாநாட்டில்தான் வால்டர் பாடே என்னும் வானியலார், அண்டங்களின் தொலைவுகளை ஏறத்தாழ இருமடங்காகத் திருத்தவேண்டும் என அறிவித்தார். பிரபஞ்சத்தின் வயதும் உடன் இரட்டித்தது! இன்றைய கணக்கோ சுமார் 1,380 கோடி ஆண்டுகள். பெருவெடிப்புக்கு முன்னும் ஏதோ இருந்தது என்று நாளை ஒரு பேராசிரியர் கூறினால், அம்மகன் தன் விசுவாசத்தை என் செய்வான்?

உலகுக்குத் தொடக்கம் உண்டென்பதை நாம் விசுவாசத்தால் ஏற்கிறோம், பகுத்தறிவால் நிரூபிக்க இயலாது என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். படைத்தல் என்பது என்றோ நிகழ்ந்து முடிந்த ஒரு வெடிப்பன்று. விளக்கின் ஒளி விளக்கைச் சார்ந்திருப்பதுபோல், உள்ளவை யாவும் இக்கணமும் இறைவனைச் சார்ந்தே இருக்கின்றன. தொடக்கமே இல்லாத உலகமாயினும் அவ்வாறே சார்ந்திருக்கும். ஒரு நிலை அடுத்த நிலையாக மாறுவதைப் பௌதிகம் அளக்கிறது. ஒன்றுமே இல்லாதிருப்பதற்குப் பதில் ஏன் இவையெல்லாம் இருக்கின்றன என்னும் கேள்வி அதன் அளவுகோலுக்குள் வாராது. கேள்வி வீண் என்பதன்று. அது நம் அறிவு கேட்டே தீரவேண்டிய கேள்வி.

தமது கொள்கை சமய வினாக்களுக்கு வெளியே நிற்பது என்று லெமேத்ர் 1958-இல் மீண்டும் தெளிவுபடுத்தினார். நாத்திகரும் அதனை ஏற்கலாம். விசுவாசிக்கோ, இசையாஸ் தீர்க்கதரிசி கண்ட மறைந்திருக்கும் இறைவனோடு அது இசையும் என்றார்.

1960-இல் அவரே பாப்பிறை விஞ்ஞானக் கழகத்தின் தலைவரானார். 1966 ஜூன் 20-இல் இறைவனடி சேர்ந்தார். அதற்குச் சிறிது முன்னர், ஆதி வெப்பத்தின் எச்சமான கதிர்வீச்சைப் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் கண்டறிந்த செய்தி நோய்ப்படுக்கையில் இருந்த அவரை எட்டியது.