சீருடையில்லாத விசாரணை

தனக்கு இழைக்கப்பட்ட கொடுமையைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்ல நா எழாத ஒரு பெண், அதையே முன்பின் அறியாத காக்கி உடுப்புக்காரர் ஒருவரிடம், பக்கத்து மேஜையில் திருட்டு வழக்கு விசாரணை நடந்துகொண்டிருக்க, நாளும் நேரமும் பிசகாமல் சொல்லியாக வேண்டும் என்பதே நெடுங்காலம் நம் தேசத்துக் காவல் நிலையங்களின் சம்பிரதாயமாக இருந்துவந்தது. மகாராஷ்டிரத்தில் 1972-ல் பழங்குடிப் பெண்ணொருத்தி காவல் நிலையத்துக்குள்ளேயே பலாத்காரத்துக்கு ஆளானதாக எழுந்த வழக்கில், அவள் உடலில் காயமில்லை என்பதையும் ஒரு நியாயமாகக் காட்டி உச்ச நீதிமன்றம் 1978-ல் காவலர்களை விடுவித்தது. அதனால் மூண்ட கிளர்ச்சியே 1983-ல் சட்டத் திருத்தத்தைக் கொணர்ந்தது.

பெண்களின் புகாரைப் பெண்களே கேட்பதற்கென்று கோழிக்கோட்டில் 1973-லும், சென்னை ஆயிரம் விளக்கில் 1992-லும் மகளிர் காவல் நிலையங்கள் தோன்றின. இன்று தமிழ்நாட்டில் அவை 200-க்கும் மேல். ஆனால், ஜனங்கள் 'மகளிர் ஸ்டேஷன்' என்று சொல்லும் இவ்விடங்களில் குடும்பச் சச்சரவுகளைச் சமரசம் பேசித் தீர்க்கும் வழக்கம் வேரூன்றியிருப்பதால், அதே மனோபாவம் பாலியல் குற்றத்திலும் தலைகாட்டிவிடும் அபாயம் உண்டு. அத்தகைய குற்றத்தில் சமரசத்துக்கு இடமேயில்லை. புகாரைப் பெற்றுக்கொண்டு, வழக்குப் பதியாமல் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவது அநீதி. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும், மறுக்கும் அதிகாரிக்கு 6 மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு.

பாதிக்கப்பட்டது குழந்தையாயின், 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின்படி, அதன் வீட்டிலோ அது விரும்பும் வேறிடத்திலோ வைத்துத்தான் வாக்குமூலம் பெற வேண்டும், கேட்பவர் கூடியவரை உதவி ஆய்வாளர் அந்தஸ்துக்குக் குறையாத பெண்ணாக இருக்க வேண்டும், சீருடை கூடாது. சாதாரணப் புடவையில் வந்து, தாயார் அருகிலிருக்கத் திண்ணையிலோ தரையிலோ குழந்தையோடு சமமாக உட்கார்ந்து, "பள்ளிக்கூடத்தில் என்ன விளையாடுவீர்கள், கண்ணு?" என்று தொடங்கும் எஸ்.ஐ. அம்மாள், அரை மணி நேரம் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் கேளாமல் இருப்பாரேயானால், அந்த அரை மணி நேரம் வீணாய்ப் போனதன்று. 'அவர் உன்னைத் தொட்டாரா?' என்று விடையை வாயில் ஊட்டும் கேள்வி, நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீலின் ஆயுதமாகிவிடும். 'அப்புறம் என்ன நடந்தது?' என்பதோ குழந்தையின் சொந்தச் சொற்களை வெளிக்கொணரும். பரிவும் துப்பறிதலும் இவ்விடத்தில் ஒன்றேயாகிவிடுகின்றன.

தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் பெண்ணின் சம்மதத்தோடு வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒரு பெரிய காகிதத்தின்மேல் நிற்கவைத்தே உடை மாற்றச் சொல்வார்கள். உதிரும் முடியும் மண்ணும்கூடச் சாட்சியமாகும் அல்லவா? கழற்றிய துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையிலிட்டு முத்திரை வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சை பிடித்து, குற்றவாளியை அடையாளம் காட்டக்கூடிய தடயமே நாசமாகும். குளித்துவிட்டாள், துணியைத் துவைத்துவிட்டாள் என்பதற்காக வழக்கு போயிற்று என்று எவரும் கைவிட வேண்டியதில்லை. பெண்ணை இழிவுபடுத்தும் 'இரு விரல் சோதனை' செய்பவர் ஒழுங்கு மீறியவராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் கண்டிப்பாக உரைத்துவிட்டது. சிகிச்சையோ, அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் இலவசமாகவே அளிக்கப்பட வேண்டும்.

பிறகு மாஜிஸ்திரேட்டின் முன் வாக்குமூலம். புலனாய்வை 2 மாதத்துக்குள் முடிக்க வேண்டுமென்பது விதி. இடையே தங்குமிடமும் ஆலோசனையும் சட்ட உதவியும் ஓரிடத்தில் கிடைக்கச் செய்யும் 'சகி' மையங்கள் 2015 முதல் இயங்குகின்றன; 181 என்ற எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள். அவள் பெயரைப் பத்திரிகையில் வெளியிடுவோர் 2 ஆண்டு வரை சிறை செல்ல நேரிடும். ஆயினும், ஊரார் கண்ணுக்கு அஞ்சி வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பவளுக்கு எல்லாவற்றிலும் பெரிய வேதனை, வழக்கு என்னவாயிற்று என்றே தெரியாதிருப்பது. புலனாய்வின் நிலையை 90 நாட்களுக்குள் அவளுக்கோ புகார் கொடுத்தவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது, நல்ல அதிகாரி அந்தத் தொண்ணூறாவது நாள் வரை காத்திராமல், வாரமொருமுறை தாமே தொலைபேசியில் அழைத்து, "சாப்பிட்டாயா, அம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழக்கைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்.