மரவள்ளி வைரசைப் பிரித்தெடுப்பது எப்படி?

மரவள்ளி இலை சுருண்டு, மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் விழுந்தால் அது வைரஸ் நோயாகும். புறக்கோட்டைக் கடைகளில் விற்கும் எந்த மருந்தும் செடிக்குள் புகுந்த வைரசைக் கொல்லாது. அப்படியாயின் ஆய்வுகூடத்தில் அதை ஏன் பிரித்தெடுக்கிறார்கள்? எதிரி யார் எனத் திட்டமாக அறிவதற்கே.

இதற்கு முதலில் உதவியது, நம் வடபகுதிக் கமக்காரர் நன்கறிந்த புகையிலை. 1892இல் ரஷ்ய அறிஞர் இவனோவ்ஸ்கி, தேமல் கண்ட புகையிலைச் சாற்றைப் பற்றீரியாவும் புகமுடியாத வடியில் வடித்தார். வடிந்த சாறும் நோயைத் தந்தது. 1935இல் அமெரிக்கரான ஸ்ரான்லி அவ்வைரசைப் பளிங்காகவே பிரித்தெடுத்தார்.

முறை இதுதான். நோயுற்ற இலையைக் குளிர்நிலையில் உப்புக் கரைசலுடன் அரைத்துச் சீலையில் வடிப்பர். மரவள்ளி இலையின் பசை தடையாக இருப்பதால், வைரசைப் புகையிலை இனச் செடியொன்றுக்கு மாற்றி, அதன் இலையை எடுப்பதும் உண்டு. குளோரோபோம் சேர்த்துக் குலுக்கிப் பச்சையத்தை நீக்குவர். பின்னர் சாற்றை விசையாகச் சுழலும் பொறியில் இடுவர். சுளகில் புடைக்கும்போது நெல் வேறு, பதர் வேறு ஆவதுபோல, சுழற்சியில் பாரமானவை அடியில் படியும். முதலில் மெதுவாகச் சுழற்றி இலைச் சக்கையைக் கழிப்பர். அடுத்து மிக வேகமாகச் சுழற்ற வைரசே அடியில் படியும். இறுதியாக, மேலே ஐதாகவும் கீழே தடிப்பாகவும் அடுக்கிய சீனிக் கரைசலில் சுழற்ற, வைரஸ் ஒரு பட்டையாக நிற்கும்.

இலத்திரன் நுணுக்குக்காட்டியில் மரவள்ளி வைரஸ் இரட்டைப் பிள்ளைகள்போல ஒட்டியிருக்கும். ஒரு மில்லிமீற்றரில் 30,000க்கு மேற்பட்டவை வரிசையாக நிற்கும். தூய வைரசை முயலுக்கு ஏற்றிப் பெறும் குருதிநீர் அவ்வைரசை அடையாளம் காட்டும். இன்று மரபணுச் சோதனையும் உண்டு. 2002இல் மரபணு ஆய்வினால், நம் நாட்டு மரவள்ளி வைரஸ் தனியினமெனப் பெயர் பெற்றது. 2015இல் அதே வைரஸ் கம்போடியாவிலும் காணப்பட்டது.

இது பரவுவது இரண்டு வழியில்: வெண் ஈயினால், நோயுற்ற தடியினால். இடம்பெயர்ந்து வாழும் நாம் போகுமிடமெல்லாம் தடியைக் கொண்டு செல்கிறோம். ஆகவே கவனியுங்கள்:

முளைத்த முதல் இலையிலேயே தேமல் இருந்தால் நோய் தடியோடு வந்தது. அடியிலை சுத்தமாயிருந்து, பிந்திய இலைகளில் மட்டும் தோன்றினால் ஈ கொண்டுவந்தது. இலை கழித்த தடியைப் பார்த்து நோயறிய முடியாது. எனவே செடி இலையோடு நிற்கும்போதே நல்லதைத் தெரிந்து, கயிறு கட்டி அடையாளமிடுங்கள். நோயுற்றதை இளமையிலேயே பிடுங்கி அழியுங்கள். அயலவருக்குத் தடி கொடுப்பதானால் நல்ல தடியே கொடுங்கள்.